கொடி இறங்காத சனிக்கிழமை

பிர்க்கன்ஃபுர்ட் நகரத்துத் தானியச் சந்தையில் கொடி பறக்கிற வரைக்கும் ரொட்டிக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். சட்டம் அப்படி. ஒரு பஞ்ச காலத்தில் ரொட்டிக்காரர்களும் வெளியூர் வியாபாரிகளும் விடியும் முன்பே வந்து மூட்டைகளையெல்லாம் வளைத்துப் போட்டுவிட்டார்களாம். வெறும் பையோடு திரும்பிப்போன வீட்டுப் பெண்கள் அன்று சாயங்காலமே நகர சபை வாசலுக்கு வந்து காலிப் பானைகளைப் போட்டு உடைத்தார்களாம். அதற்குப் பிறகுதான் சபையார் தானிய மண்டபத்தின் கூரை உச்சியில் கம்பம் நட்டு, சிவப்பும் வெள்ளையுமாக ஒரு கொடி ஏற்ற ஏற்பாடு செய்தார்கள். கொடி மேலே இருந்தால் ஊர்க்காரர்கள் மட்டும் வாங்கலாம், அதுவும் வீட்டுச் சாப்பாட்டுக்கு. கொடி இறங்கிவிட்டால் சந்தை எல்லோருக்கும் பொது.

ஏற்றுவதும் இறக்குவதும் ஓர்ட்வினுடைய வேலை. சிலுவைமேல் கை வைத்துச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவன். அவன் கையைத் தவிர வேறு கை அந்தக் கொடியைத் தொட்டால் அபராதம், சிறை இரண்டும் உண்டு. மற்றபடி பாடு ஒன்றும் பெரிதில்லை. கொடியின் கயிறு கம்பத்து உச்சியில் ஒரு மரச் சக்கரத்தின் மேல் ஓடி, கூரைச் சரிவில் இறங்கி, மண்டப வாசலுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கொக்கியில் வந்து முடியும். சூரியன் உதிக்கும்போது தரையில் நின்றபடியே இழுத்து ஏற்றிவிட்டு, சபை மணி அடித்ததும் இழுத்து இறக்க வேண்டியதுதான்.

அதற்கு முன்னால் அவன் கூரை வேய்கிறவன். நகரத்து வாசல் கோபுரங்கள், பெரிய தேவாலயத்தின் செங்குத்துக் கூரை, பணக்காரர் வீடுகள் என்று அவன் கல் ஓடு பதிக்காத கூரை அந்த ஊரில் குறைவு. ஒரு நாள் தேவாலயக் கூரையிலிருந்து விழுந்தான். கீழே குவித்திருந்த மணலில் விழுந்ததால் உயிர் பிழைத்தது. கால் எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. பாவம் என்று சபையார் இந்தக் கொடி வேலையைக் கொடுத்தார்கள்.

அவன் கோணல் காலை ஊரே பார்த்தது. இன்னொன்றை யாரும் பார்க்கவில்லை. விழுந்த நாளிலிருந்து அவனால் உயரம் என்று ஒன்றைத் தாங்கவே முடியவில்லை. மாடிப்படியில் நாலு படி ஏறினாலே உள்ளங்கை வியர்த்து, காது அடைத்து, சுவரெல்லாம் சாய்கிற மாதிரி இருக்கும். படி ஏறினால் முட்டி வலிக்கிறது என்று வீட்டுக்காரரிடம் பொய் சொல்லித்தான் மாடி அறையிலிருந்து குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்து அறைக்கு மாறினான். முட்டி வலிக்கவே இல்லை. கூரைக்காரனுக்கு உயரம் பயம் என்று வெளியே தெரிந்தால் சிரித்தே கொன்றுவிடுவார்கள் என்று அவன் நினைத்தான்.

சனிக்கிழமைதோறும் கொடி இறங்கக் காத்திருக்கிற ரொட்டிக்காரர்களில் இர்மெல் ஒருத்தி மட்டும் பெண். மண்டபத்து வாசற்படியில், கயிற்றுக் கொக்கிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். அவள் புருஷன் இருமி இருமிச் செத்துப்போன பிறகு அடுப்பை அவளே நடத்தினாள். விதவையாக இருக்கிற வரை, இல்லை இன்னொரு ரொட்டிக்காரனைக் கட்டிக்கொண்டால், அடுப்பு அவளுடையது என்பது ரொட்டிக்காரர் சங்கத்து விதி. சங்கத் தலைவர் ரூப்ரெக்ட் தன் அண்ணன் மகனுக்கு அவளை இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். இரண்டு தடவையும் அவள் மாட்டேன் என்றுவிட்டாள்.

"என்ன கொடிக்காரரே, சபை மணி செத்துப்போச்சா? என் அடுப்பு ஆறிப்போகுது" என்பாள்.

"மணிய நான் அடிக்கல, ரொட்டிக்காரம்மா. அங்க போய் கேளுங்க."

"கேட்டா மட்டும் அடிச்சிருவானா அந்தத் தூங்குமூஞ்சி?"

வாரா வாரம் இதே பேச்சுதான். ஆனால் ஒரு சனிக்கிழமை காய்ச்சலில் அவள் வராதபோது, அந்த வாசற்படி ரொம்ப அகலமாக இருப்பதாக ஓர்ட்வினுக்குத் தோன்றியது.

புனித மார்ட்டின் திருநாளுக்கு முந்தைய சனிக்கிழமை. குத்தகை தீர்க்க வேண்டிய காலம் என்பதால் விவசாயிகள் எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். ரை, கோதுமை, பார்லி, ஓட்ஸ் என்று மூட்டைகள் கிணறு வரைக்கும் அடுக்கியிருந்தன. ராத்திரி பெய்த மழை விட்டிருந்தாலும் ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கொடி நனைந்து கனத்துப் படபடத்தது.

மணி அடித்தது. ஓர்ட்வின் கொக்கியிலிருந்து கயிற்றை எடுத்து இழுத்தான். ஒரு முழம் வந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மறுபடி இழுத்தான். தளர்த்தி விட்டு இழுத்தான். அண்ணாந்து பார்த்தால் காற்றில் கொடி கம்பத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. கயிறு சக்கரத்தைவிட்டு நழுவி இடுக்கில் மாட்டியிருந்தது.

"என்னப்பா ஓர்ட்வின்! காலையில கஞ்சி குடிக்கலயா?" என்றார் ரூப்ரெக்ட். பெரிய உடம்பு, பெரிய குரல். அவருக்குப் பின்னால் ரொட்டிக்காரர்கள் காலி சாக்குகளோடு நின்றார்கள்.

"மாட்டிக்கிச்சு" என்றான் ஓர்ட்வின்.

"மணிதான் அடிச்சிருச்சே! மணி அடிச்சா இறங்கின மாதிரிதான். வாங்கப்பா, போய் வாங்குவோம்."

அவர் ஒரு மூட்டையின் மேல் கை வைத்ததும் பக்கத்தில் நின்ற ஒரு பெண் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். நெசவாளி வீட்டு ஆடெல் அவள். ஆறு பிள்ளைக்காரி. நாக்குக்குப் பூட்டு கிடையாது.

"கொடி மேல இருக்கு பெரியவரே. கண்ணு தெரியலன்னா சொல்லுங்க, கையப் புடிச்சுக் காட்டுறேன்."

"மணி அடிச்சிருச்சும்மா!"

"மணியப் பத்திச் சட்டத்துல எங்க இருக்கு? கொடின்னுதானே இருக்கு?"

சந்தை அதிகாரி சீபோல்ட் வந்தார். ஒல்லியான மனிதர். எதையும் ரெண்டு முறை யோசிக்காமல் செய்யமாட்டார், மூணாவது முறை யோசித்தபின் பெரும்பாலும் செய்வதே இல்லை. கழுத்தை வளைத்துக் கொடியைப் பார்த்தார். ரூப்ரெக்ட்டைப் பார்த்தார். மூட்டைமேல் உட்கார்ந்திருந்த ஆடெலைப் பார்த்தார்.

"சட்டத்துல கொடின்னுதான் இருக்கு" என்றார்.

பெண்கள் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்தது. வழக்கமாக மணி அடிப்பதற்குள் வாங்கிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகக் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு ஓடுவார்கள். விவசாயிகளும், இன்னும் கொஞ்ச நேரத்தில் ரொட்டிக்காரர்கள் மொத்தமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற தைரியத்தில் விலையைப் பிடித்து வைத்திருப்பார்கள். இப்போது அந்த அவசரம் போய்விட்டது. ஆடெல் ஒவ்வொரு வண்டியாகப் போனாள். தானியத்தை அள்ளி மோந்து பார்த்தாள், ஒரு மணியைக் கடித்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ஏம்மா, மூணாவது தடவையா மூட்டையக் கிளறுற. கோழியா நீ?" என்று கத்தினான் ஒரு விவசாயி.

"ஈரமா இருக்கேய்யா. ஆத்துல குளிப்பாட்டிக் கொண்டாந்தியா?"

"மழைம்மா, மழை!"

"அப்ப மழைக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? விலையக் குறை."

அவன் குறைத்தான். அதைப் பார்த்த அடுத்த வண்டிக்காரனும் குறைக்க வேண்டி வந்தது. செய்தி தெருத்தெருவாகப் போய், அந்த வாரம் சந்தைப் பக்கம் வர நினைக்காத பெண்களெல்லாம் தலைத்துணியை முடிந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள்.

ரூப்ரெக்ட்டுக்கு முகம் சிவந்துவிட்டது. நேராக ஓர்ட்வினிடம் வந்தார்.

"மேல ஏறி எடுத்து விடு."

"கூரை நனஞ்சிருக்கு."

"நனஞ்ச கூரையில நீ நடந்ததே இல்லையா? பெரிய கோயில் கூரையில பூனை மாதிரித் திரிஞ்சவன்தானே?"

"கால் சரியில்ல பெரியவரே."

"அந்தக் காலோடதான் சந்தை முழுக்கச் சுத்துற. உன்னைத் தவிர வேற ஆள் தொடவும் கூடாது. அப்ப என்னதான் பண்ணச் சொல்ற? நாங்க இங்கயே நின்னு முளைக்கவா?"

ஓர்ட்வின் கயிற்றைப் பிடித்தபடி கொக்கியையே பார்த்துக்கொண்டு நின்றான். கூரையை நினைத்த மாத்திரத்திலேயே உள்ளங்கை நனைந்துவிட்டது. வேலை போனால் போகட்டும், ஏறமாட்டேன் என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டான். அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு என்ன வழி என்பதையும் அப்போதே யோசிக்க ஆரம்பித்தான்.

ரூப்ரெக்ட் சீபோல்ட்டிடம் கத்தப் போனதும், படியில் உட்கார்ந்திருந்த இர்மெல் எழுந்து அவன் பக்கத்தில் வந்தாள். அவன் கை நடுங்குவதைக் கயிறு நடுங்குவதிலிருந்தே பார்த்திருந்தாள்.

"காலா, தலையா?" என்று கேட்டாள் மெதுவாக.

அவனுக்குப் புரிந்தது. "தலை" என்றான்.

"எத்தன நாளா?"

"விழுந்ததுலேருந்து."

அவள் சிரிக்கவில்லை. ஐயோ பாவம் என்றும் சொல்லவில்லை. கூரையை அண்ணாந்து பார்த்தாள். கம்பத்துக்குக் கொஞ்சம் கீழே, மண்டபத்து மேல்தட்டிலிருந்து திறக்கிற சின்னப் பலகைக் கதவு ஒன்று இருந்தது. அதைக் கண்ணால் அளந்தாள். ஒன்றும் சொல்லாமல் வீட்டுப் பக்கம் நடந்தாள்.

திரும்பி வரும்போது தோளில் ரொட்டித் துடுப்பு இருந்தது. அடுப்பின் அடி ஆழத்தில் ரொட்டியை வைத்து எடுக்கிற நீளத் துடுப்பு. ரெண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். நுனிப் பலகையின் ஓரத்தில் ஒரு பெரிய ஆணியை வளைத்து அடித்துக்கொண்டு வந்திருந்தாள்.

"அந்தக் கதவு வழியா இத நீட்டினா கயிறு எட்டும்" என்றாள் சீபோல்ட்டிடம்.

"வேற கை தொடக்கூடாதும்மா."

"கை தொடலயே ஐயா. துடுப்புதானே தொடுது?"

சீபோல்ட் யோசித்தார். மறுபடி யோசித்தார். "துடுப்பு தொடலாம். ஆனா துடுப்பப் பிடிச்சிருக்கிற கை சத்தியம் பண்ணின கையா இருக்கணும்."

எல்லோரும் ஓர்ட்வினைப் பார்த்தார்கள்.

இர்மெல் அவன் காதருகில் வந்தாள். "உள்ள படி இருக்கு. சுத்தியும் சுவர். நான் முன்னாடி போறேன். என் செருப்பு மட்டும்தான் உங்களுக்குத் தெரியணும். வேற எதையும் பாக்காதீங்க."

"பாதியில விழுந்துட்டேன்னா?"

"உங்களுக்குப் பின்னால துடுப்பத் தூக்கிட்டு ரூப்ரெக்ட்டோட ஆளுங்க வருவாங்க. அவங்க மேலதான் விழுவீங்க. நமக்கென்ன நஷ்டம்?"

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடு முதல் படியில் கால் வைத்துவிட்டான். பிறகு சிரிப்பு போய்விட்டது. மரச் செருப்பின் தேய்ந்த குதிகால் ஒன்று மாறி ஒன்று மேலே போனது. இடது குதிகாலில் மாவு காய்ந்து ஒட்டியிருந்தது. அந்த வெள்ளைத் திட்டையே பார்த்துக்கொண்டு, சுவரில் தோளை உரசிக்கொண்டு ஏறினான். நடுவில் ஒரு தடவை நின்றுவிட்டான். அவளும் நின்றாள். அவசரப்படுத்தவில்லை. அவன் மூச்சு சீரானதும் செருப்பு மறுபடி நகர்ந்தது.

மேல்தட்டில் நகரத்தின் ஓட்ஸ் சேமிப்பு கிடந்தது. தூசியும் எலி வாடையுமாக இருட்டு. துடுப்பைப் போட்டுவிட்டு ஆட்கள் இறங்கிப் போனார்கள். இர்மெல் பலகைக் கதவைத் திறந்ததும் காற்றும் வெளிச்சமும் சந்தையின் இரைச்சலும் ஒன்றாக உள்ளே விழுந்தன. ஓர்ட்வின் மூட்டைகளின்மேல் குப்புறப் படுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, துடுப்பை வெளியே நீட்டினான். அவள் அவனுக்குப் பக்கத்தில் படுத்து, தலையை வெளியே விட்டுப் பார்த்தாள்.

"இடது பக்கம். இன்னும் கொஞ்சம். அது இடதா? நீ சாப்பிடற கை எதுன்னாவது தெரியுமா?"

"கண்ண மூடினா எல்லாப் பக்கமும் ஒண்ணாத்தான் இருக்கு."

"சரி, என் குரலுக்கு எதிர்ப்பக்கம் போ. அப்படித்தான். மேல. மேல."

அவள் 'நீ' என்று சொன்னதை அவளும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை. கீழேயிருந்து ஆளுக்கொரு யோசனை கத்தினார்கள். ஒரு சத்தத்துக்குத் திடுக்கிட்டு அவன் கண்ணைத் திறந்துவிட்டான். கீழே வெகு ஆழத்தில் வண்டிகள், தலைகள், ஈரக் கற்கள். எல்லாம் அவனை நோக்கி ஏறி வந்தன. தொண்டையிலிருந்து என்னவோ ஒரு ஓசை வந்தது. துடுப்பு கையிலிருந்து நழுவப் பார்த்தது.

அவன் பிடரியில் ஒரு கை வந்து அமர்ந்தது. அடுப்புச் சூட்டில் காய்த்துப் போன கை.

"மூடு" என்றாள் இர்மெல். "நான் பாக்கறேன். நீ பிடிச்சுக்க மட்டும் செய்."

அவன் மூடினான். அந்தக் கை எடுக்கப்படவில்லை. விழுந்து எழுந்த நாளிலிருந்து இப்படி ஒருவர் பக்கத்தில் இருந்ததில்லை என்ற நினைப்பு, அந்த நிலைமையிலும் அவனுக்கு வந்தது.

"மாட்டிருச்சு. இழு!"

இழுத்தான். ஆணி கயிற்றைப் பற்றியது. இன்னும் பலமாக இழுத்தான். மழையிலும் வெயிலிலும் இற்றுப்போயிருந்த கயிறு பட்டென்று அறுந்தது. கொடி கம்பத்தைவிட்டு நழுவி, நனைந்த கூரைச் சரிவில் தொப்பென்று விழுந்து, வழுக்கிக்கொண்டே போய், விளிம்பிலிருந்த மழைநீர்க் குழாயில் சிக்கி நின்றது. ஒரு முனை மட்டும் கீழே தொங்கியது.

சந்தையில் பெரிய ஆரவாரம். பிறகு திடீரென்று எல்லோரும் அமைதியானார்கள்.

"இறங்கிருச்சு!" என்றார் ரூப்ரெக்ட்.

"எங்க இறங்கிச்சு? இன்னும் கூரையிலதானே தொங்குது?" என்றாள் ஆடெல்.

"கம்பத்துல இல்லையே!"

"தரையிலயும் இல்லையே!"

எல்லோரும் சீபோல்ட்டிடம் திரும்பினார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார், தலையைச் சொறிந்தார், தொப்பியைப் போட்டுக்கொண்டார். "மேல இருக்குன்னும் சொல்ல முடியாது. இறங்கிருச்சுன்னும் சொல்ல முடியாது. சபையாரக் கேக்காம என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

சபையாரோ திருநாளுக்கு முன்னாலேயே வாத்துக்கறி விருந்துக்காக ஆற்றுக்கு அக்கரையிலுள்ள மடத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். சீபோல்ட் அனுப்பிய ஆள் அவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சாப்பிட்டு முடித்து, விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்லியனுப்புவதற்குள் நகர வாசல் மூடும் மணி அடித்துவிட்டது. விவசாயிகள் காலி வண்டிகளை ஓட்டிக்கொண்டு போனார்கள். ரொட்டிக்காரர்கள் காலி சாக்குகளை மடித்துக்கொண்டு போனார்கள். கொடியைக் காற்றே விடிவதற்குள் இறக்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனவர்கள் அது குட்டையில் கிடப்பதைப் பார்த்தார்கள். ஓர்ட்வின் அதை எடுத்துப்போய் அலசிக் காயப்போட்டான்.

திங்கட்கிழமை ஊரில் வேடிக்கையான நிலைமை. ரொட்டிக்காரர்களிடம் மாவு இல்லை. வீடுகளிலோ என்றுமில்லாத அளவுக்குத் தானியம். பெண்கள் ஆலையில் அரைத்து, வீட்டிலேயே பிசைந்து, துணி போர்த்திய பலகைகளில் மாவு உருண்டைகளைத் தூக்கிக்கொண்டு அடுப்பு தேடிப் புறப்பட்டார்கள். ரூப்ரெக்ட் முதலானவர்கள் கதவைத் திறக்கவில்லை. அடுத்தவன் மாவைக் கூலிக்குச் சுடுவது சங்கத்துக்காரனுக்குக் கேவலம் என்றார்கள். இர்மெலுக்கு அந்தக் கேவலம் தெரியவில்லை.

"கொண்டாங்க. அடுப்புக்கு யாரோட மாவுன்னு தெரியாது" என்றாள்.

வரிசை தெரு முனை வரைக்கும் போனது. யாருடைய ரொட்டி எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக ஒவ்வொருத்தியும் தன் மாவில் ஓர் அடையாளம் வைத்தாள். ஒருத்தி சாவியை அழுத்தினாள், ஒருத்தி சிலுவை கீறினாள், ஆடெல் கட்டைவிரலால் ஆறு குழி போட்டாள். விறகு தீர்ந்துபோனபோது யாரும் கூப்பிடாமலே ஓர்ட்வின் ஒரு கட்டுச் சுமந்துகொண்டு வந்தான். மறுநாளும் வந்தான்.

வியாழக்கிழமை சபை கூடியது. ரொட்டிக்காரர் சங்கம் புகார் கொடுத்திருந்தது.

"கயிறு தானா மாட்டலங்க. இவன் மாட்ட வெச்சிருக்கான்" என்றார் ரூப்ரெக்ட். "துடுப்பு அந்தம்மாவோடது. இப்ப ஊரு மாவெல்லாம் வேகறது அந்தம்மா அடுப்புல. இவன் அங்க விறகு சுமக்கிறான். ரெண்டு பேரும் பேசி வெச்சுச் செஞ்ச வேலை."

சபைத் தலைவர் ஓர்ட்வினைக் கேட்டார். "மாட்டினது தெரிஞ்ச உடனே ஏன் ஏறல? நீ கூரைக்காரன்தானே?"

முட்டி வலி என்று சொல்லிவிடலாம். எல்லோரும் நம்புவார்கள். ஓர்ட்வின் சுவரோரமாக நின்ற இர்மெலைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வாயால் வராத ஒன்றைத் தன் வாயால் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. சொன்னால் அவள் பெயர் சுத்தமாகும். சொல்லாவிட்டால் சந்தேகம் அவள்மேலும் ஒட்டிக்கொள்ளும்.

"பயம் ஐயா" என்றான்.

"என்னது?"

"உயரம்னா பயம். விழுந்ததுலேருந்து. மாடிப்படி கூட ஏற மாட்டேன். வேலை போயிரும்னு சொல்லல. அன்னிக்கு அந்தம்மா கூட்டிட்டுப் போகலன்னா மண்டபத்துப் படிகூட ஏறியிருக்க மாட்டேன். கண்ண மூடிக்கிட்டுத்தான் துடுப்பப் பிடிச்சேன்."

பின் வரிசையில் ஒருவன் சிரித்தான். ஓர்ட்வினுக்குக் காது சூடானது. இதோ ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தான். ஆனால் ரூப்ரெக்ட் திரும்பி, சிரித்தவனை முறைத்தார்.

"என்னடா சிரிப்பு?" என்றார். பிறகு ஓர்ட்வினிடம், குரல் கொஞ்சம் இறங்கி, "இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார்.

"எப்படிச் சொல்றது பெரியவரே?"

ரூப்ரெக்ட் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "அதுவும் சரிதான். நான் படகுல ஏற மாட்டேன். அக்கரை ஆலைக்குப் பாலத்தச் சுத்தித்தான் போறேன். என் பொண்டாட்டிக்குக் கூட ஏன்னு தெரியாது. இப்பத் தெரிஞ்சிரும்." சபையே சிரித்தது. அவரும் சிரித்தார். "பேசி வெச்சு செஞ்சாங்கன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கறேன். ஆனா எங்களுக்குத் தானியம் கிடைக்கலங்கறத வாபஸ் வாங்க முடியாது. அதுக்குச் சபைதான் வழி சொல்லணும்."

சபை சொன்ன வழி எளிது. கம்பத்தைக் கூரையிலிருந்து எடுத்து, கிணற்றுக்குப் பக்கத்தில் தரையில் நட்டுவிடுவது. ஓர்ட்வினே வேலையில் இருப்பான். புதுக் கயிறு, புதுச் சக்கரம். தலைவர் எழுந்திருக்கப் போகும்போது வெளியே இரைச்சல் கேட்டது. ஆடெலும் இன்னும் பல பெண்களும் படிகளை அடைத்துக்கொண்டு நின்றார்கள். சிலர் கையில் பானை இருந்தது. எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

"ஒரு நாள் நிதானமா வாங்கிப் பார்த்தோம் ஐயா" என்றாள் ஆடெல். "நல்லா இருந்திச்சு. கொடி இன்னும் கொஞ்ச நேரம் பறந்தா என்ன?"

சபையார் திரும்ப உள்ளே போய் உட்கார்ந்தார்கள். கடைசியில் திருநாளுக்கு முந்தைய சந்தைகளில் மட்டும் கொடி உச்சிப்பொழுது வரை பறக்கலாம் என்று முடிவானது. பெண்களுக்கு அது போதவில்லை, ரொட்டிக்காரர்களுக்கு அது அதிகம். இரண்டு பக்கமும் முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள்.

பனிக்காலம் முழுக்க ஓர்ட்வின் விறகு சுமந்தான். ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது, ஆனால் அவன் பயந்த அளவுக்கு யாரும் சிரிக்கவில்லை. சிலர் சிரித்தார்கள். சிலர் தனியாகக் கூப்பிட்டு, எனக்குப் பூனை பயம், எனக்கு இருட்டு பயம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதை என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை.

ஒரு சாயங்காலம், கடைசி ரொட்டியை எடுத்த பிறகு, இருவரும் அடுப்பு வாய்க்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"என்னமோ கேக்கணும்னு ஒரு மாசமா முழிச்சிட்டிருக்க" என்றாள் இர்மெல்.

"கேக்கணும்னுதான் இருந்துச்சு. அப்புறம் வேணாம்னு விட்டுட்டேன்."

"ஏன்?"

"நான் ரொட்டிக்காரன் இல்ல. என்னைக் கட்டிக்கிட்டா சங்கத்துக்காரங்க அடுப்ப எடுத்துக்குவாங்க. அடுப்பு போனா நீ சும்மா இருக்கிற ஆள் இல்ல."

அவள் கரித்துண்டு ஒன்றைக் கம்பியால் புரட்டினாள்.

"இந்த அடுப்ப என் புருஷன் தனியாக் கட்டல. நான்தான் செங்கல் எடுத்துக் குடுத்தேன், அவர் பூசினார்" என்றாள். "விட மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கல."

"கேட்டிருந்தாலும் கோவிச்சிருக்க மாட்டேன்."

"அதுவும் தெரியும்."

"எல்லாம் தெரியுமாம். அப்ப எழுந்து போய் அந்த மீனை எடுத்துட்டு வா. பசிக்குது."

உப்பு மீனைத் தணலில் சுட்டு, அன்றைய ரொட்டியைப் பிய்த்து இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு சந்தை முடிந்த ஒவ்வொரு சாயங்காலமும் அவன் அங்கேதான் சாப்பிட்டான், இருட்டும் முன்பு தன் அறைக்குப் போனான். ஊர் கொஞ்ச காலம் அதைப் பற்றிப் பேசியது. வசந்தத்தில் ஆறு கரையை உடைத்து, தோல் பதனிடுகிறவர்களின் தெருவுக்குள் வந்துவிட்டது. பிறகு ஊர் வெள்ளத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தது.